தங்கவயலில் ஒரு தீப்பொறி

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை. பழைய அம்பாசிடர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். கிளம்பும்போது சரியாக ஓடிய வண்டி, இன்ஜின் சூடானதும் திணறி நின்றுவிட்டதாம். "கார்புரேட்டர்தான்" என்கிறார் உரிமையாளர். அதற்கு ஏற்கெனவே இரண்டு முறை செலவழித்தாகிவிட்டது.

மெக்கானிக் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு இன்ஜின் மீது படும்படி வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்கிறார். நீலமாகப் பாய வேண்டிய பொறி மஞ்சளாகச் சோம்பல் முறிக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், பாயின்ட் கருகியிருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்குத் திருத்துகிறார். பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஒரு வாரத்தில் வண்டி மறுபடி நிற்கும்.

உண்மையான குற்றவாளி, சுண்டுவிரல் அளவுள்ள கண்டென்சர். பாயின்ட் திறக்கும் கணத்தில் மின்சாரத்தை அது வாங்கிக்கொள்ள வேண்டும். தவறினால் பாயின்டிலேயே பொறி பறந்து கருகும். காயிலில் போதிய அழுத்தம் பிறக்காது. சூட்டில் மட்டும் மக்கர் செய்து, ஆறியதும் யோக்கியனாகிவிடும் கண்டென்சர்களும் உண்டு. சந்தேகம் பெட்ரோல் மீது போவது அதனால்தான்.

1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. 2014-இல் அம்பாசிடர் உற்பத்தியும் நின்றது. இளைஞர்கள் பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போகிறார்கள். கொட்டகையில் உதவிக்குப் பையன் இல்லை.

கண்டென்சரை மாற்றியதும் இன்ஜின் உறுமுகிறது. உரிமையாளர் சாவிக்குக் கை நீட்டுகிறார். மெக்கானிக் தரவில்லை. "சூடாகட்டும் சார், அப்புறம் பார்க்கலாம்."