படம் எடுத்தா மட்டும் போதுமா? கறுப்பினத் திரைப்பட விழாக்கள் தனியாக நடப்பது ஏன்?

‘மூன்லைட்’ 2017-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. அடுத்த ஆண்டே ‘பிளாக் பாந்தர்’ உலகம் முழுக்க 130 கோடி டாலருக்கு மேல் வசூலை அள்ளியது. ‘அப்புறம் எதுக்கு கறுப்பினத்தவருக்குன்னு தனியா ஒரு திரைப்பட விழா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம்தான். ஆனால், இதற்கான பதில் ஆஸ்கர் மேடையில் இல்லை, தியேட்டரில் இருக்கிறது.

1992-ல் ‘லீத்தல் வெப்பன்’ புகழ் டேனி குளோவர், நடிகை ஜானெட் டுபுவா, அயூகோ பாபு ஆகியோர் சேர்ந்து லாஸ் ஏஞ்சலிஸில் ‘பான் ஆப்பிரிக்கன் திரைப்பட விழா’வைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியில் இது நடக்கிறது. ஹாலிவுட் அதே ஊரில்தான் இருக்கிறது. ஆனாலும் விழா பல ஆண்டுகள் நடந்தது, கறுப்பினக் குடும்பங்கள் அதிகம் வாழும் கிரென்ஷா பகுதி ஷாப்பிங் மாலில். அமெரிக்கா, ஆப்பிரிக்கா, கரீபியன் தீவுகள் என்று பல இடங்களிலிருந்தும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வரும். தியேட்டரை விட்டு வெளியே வந்தால் ஓவியம், துணி, நகை என்று கடைகள் களைகட்டும். படம் பார்க்க வந்தவங்க யாரு, ஷாப்பிங் வந்தவங்க யாருன்னு பிரிக்கவே முடியாது. கோட்-சூட், சிவப்புக் கம்பளத்தைவிட இந்தக் கலவைதான் ஒரு சமூகத் திரைப்பட விழாவுக்கு அழகு.

தொலைந்துபோன படங்கள்

1915-ல் வந்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’, கு க்ளக்ஸ் க்ளான் கும்பலை ஹீரோக்களாகக் காட்டிய படம். சில ஆண்டுகள் கழித்து அதற்கு நேரெதிரான சித்திரத்தை வைத்தார் ஆஸ்கர் மிஷோ. தான் எழுதிய நாவல்களை வீடு வீடாகப் போய் விற்றவர் இவர். கறுப்பினத்தவர் அடித்துக் கொல்லப்பட்டதை அவரது ‘வித்இன் அவர் கேட்ஸ்’ (1920) நேரடியாகக் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சிகாகோவில் இனக்கலவரம் நடந்திருந்தது. ‘மறுபடி கலவரம் வரும்’ என்ற பயத்தில் அங்கே தணிக்கையாளர்கள் தடுத்துப் பார்த்தார்கள்.

அன்று தென் மாநிலத் தியேட்டர்களில் கறுப்பினத்தவருக்குப் பால்கனி மட்டும்தான். இல்லாவிட்டால் நள்ளிரவுக் காட்சி. மிஷோ 40-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். பெரும்பாலானவை இன்று இல்லை. ‘வித்இன் அவர் கேட்ஸ்’ கூட ஸ்பெயினில் கிடைத்த ஒரே ஒரு பிரதியால்தான் பிழைத்தது.

‘அதெல்லாம் அந்தக் காலம்’ என்று தள்ளிவிடவும் முடியாது. சார்லஸ் பர்னெட் 1970-களில் மாணவராக இருந்தபோது, லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதி மக்களை நடிக்க வைத்து, வார இறுதிகளில் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ எடுத்தார். செலவு 10,000 டாலருக்கும் குறைவு. படத்தில் வரும் பாடல்களுக்கு உரிமை வாங்கப் பணமில்லை. 1990-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம் கிடைத்தும், முறையாகத் தியேட்டருக்கு வந்தது 2007-ல்தான். பாடல் உரிமைக்கு மட்டும் சுமார் 1,50,000 டாலர் ஆனது. படத்தின் பட்ஜெட்டைப் போல 15 மடங்கு!

விழா என்ன செய்யும்?

பெரிய ஸ்டுடியோ படத்துக்கு இந்த மேடை அவசியமில்லை. குறும்படம், ஆவணப்படம், நைஜீரியாவிலோ ஹைட்டியிலோ முதல் படம் எடுத்த இயக்குநர்... இவர்களுக்குத்தான் தேவை. பான் ஆப்பிரிக்கன் விழாவில் பரிசு வாங்கும் குறும்படம் ஆஸ்கர் போட்டிக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறும் என்பது கூடுதல் பலம். ஆனால், எல்லாமே நடந்துவிடாது. இரண்டு காட்சிகளோடு, விநியோகஸ்தர் கிடைக்காமல் பெட்டிக்குள் போகும் படங்கள் எந்த விழாவிலும் உண்டு.

இந்த யோசனை கடல் தாண்டியும் வந்திருக்கிறது. கறுப்பின வரலாற்று மாதத்தைப் பார்த்துத்தான் ஏப்ரலில் தலித் வரலாற்று மாதம் தொடங்கியது. அதையொட்டி நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் பி.கே.ரோசி பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. முதல் மலையாளப் படத்தின் நாயகியான ரோசியை, சாதிவெறியர்கள் ஊரைவிட்டே துரத்தினார்கள். அவர் நடித்த அந்தப் படத்தின் பிரதியும் இன்று இல்லை.

மிஷோவின் படம் இப்போது காப்புரிமை தாண்டியது. இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஓடும் நேரம் சுமார் ஒன்றேகால் மணி. மௌனப்படம் என்பதால் இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை மட்டும் வாசித்தால் போதும்.