பின்னணி சத்தத்தில் குரல் மூழ்குதா? ‘மிக்ஸிங்’குக்குக் காதைப் பழக்க 5 வழிகள்!

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தை. ஆடுகளின் கத்தல், வியாபாரிகளின் பேரம், பக்கத்தில் திருச்சி - திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் லாரி ஹாரன். இதற்கு நடுவே நின்று நீங்கள் ஒரு வீடியோ எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேரில் எல்லாமே தெளிவாகக் கேட்டது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், “அண்ணே, கடைசியா என்ன விலை?” என்ற பேச்சையே காணோம்!

ஏன் இப்படி?

கூட்டத்திலும் நமக்கு வேண்டிய குரலை மட்டும் மூளை பிரித்தெடுக்கும். 1953-ல் காலின் செர்ரி என்ற விஞ்ஞானி ஆராய்ந்த விஷயம் இது. மைக்குக்கு அந்தத் திறமை கிடையாது. அதனால் காலர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வையுங்கள். திறந்தவெளியில் தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். குரலும் இரைச்சலும் ஒரே மைக்கில் கலந்துவிட்டால் பிறகு பிரிப்பது கஷ்டம்.

காதும் ஏமாற்றும்

சத்தம் குறைந்தால் ‘பேஸ்’ மட்டும் அதிகமாகக் குறைந்ததுபோலத் தோன்றும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். இன்னொரு சிக்கல், சத்தமாக இருப்பதெல்லாம் ‘நல்லா இருக்கு’ என்றே தோன்றும்.

எப்படிப் பழகுவது?

1. சத்தத்தைக் குறையுங்கள்: கிட்டத்தட்ட கேட்காத அளவுக்குக் கொண்டுபோங்கள். கடைசியாக எது காதில் நிற்கிறதோ, அதுதான் உங்கள் மிக்ஸில் தூக்கலாக இருப்பது. பேச்சு வீடியோவில் அது குரலாக இருக்க வேண்டும்.

2. குரலில் தொடங்குங்கள்: முதலில் குரல் மட்டும். பிறகு இசையைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றுங்கள். பேச்சுக்கு இடைஞ்சலாகும் இடத்தில் நிறுத்தி, 2-3 டெசிபல் இறக்குங்கள்.

3. ஒப்பிட்டுக் கேளுங்கள்: ‘மகாநதி’, ‘தில் சே’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படங்களுக்காகத் தேசிய விருது பெற்ற ஒலிப்பொறியாளர் எச்.ஸ்ரீதரின் வேலையைக் கேளுங்கள். குரல் எங்கே நிற்கிறது, தாளம் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். ஆனால், அந்தப் பாட்டின் சத்தத்தை உங்கள் மிக்ஸ் அளவுக்குக் குறைத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

4. கண்ணை மூடி விளையாடுங்கள்: நண்பரை ஒரு டிராக்கை 3 டெசிபல் ஏற்றவோ இறக்கவோ சொல்லுங்கள். கண்டுபிடித்தால் 2, அப்புறம் 1. பொதுவாக 1 டெசிபல்தான் நாம் உணரக்கூடிய சிறிய வித்தியாசம். 10 டெசிபல் கூடினால் இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும்.

5. இடம் மாற்றுங்கள்: ஹெட்போனில் செய்ததை செல்போன் ஸ்பீக்கரிலும் கேளுங்கள். அதில் ‘பேஸ்’ காணாமல் போகும். குரல் மட்டும் போகக்கூடாது. மறுநாள் காலையில் இன்னொரு முறை கேளுங்கள். களைத்த காது சரியாகத் தீர்ப்பு சொல்லாது.

மொத்தமா ஏத்திட்டா போதாதா?

போதாது. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பாட்டுகளை ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும். ஸ்பாட்டிஃபையில் இயல்பான அளவு மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். நீங்கள் ஏற்றியதை அது இறக்கிவிடும். குரலுக்கும் இசைக்கும் இடையிலான சமநிலை மட்டும் அப்படியே இருக்கும்.

கடைசியாக ஒன்று. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குமேல் சத்தம் கூடக்கூட, கேட்கும் நேரத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ப்ளக்-இன்னை மறுபடி வாங்கலாம், காதை வாங்க முடியாது பாஸ்!