கொதிக்கும் கல்

லோனாவாலாவைத் தாண்டி ரயில் கர்ஜத்தை நோக்கி இறங்கும்போது, சுரங்கங்களுக்கு இடையே வெட்டப்பட்ட பாறைச் சுவர்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். கறுத்த பாறையின் நடுநடுவே, சுண்ணாம்பைத் தெளித்தாற்போல் வெள்ளைப் பொட்டுகள் தெரியும். அவற்றில் பல ஜியோலைட் இனக் கனிமங்கள்.

நம் ஊரில் கருங்கல் என்று சொல்வது பெரும்பாலும் கிரானைட், சார்னோகைட் வகை. அவை பூமிக்குள் ஆழத்தில் மெதுவாக உருவானவை. மகாராஷ்டிரத்தின் கருங்கல்லோ பாசால்ட், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடி, அடுக்கடுக்காக உறைந்த எரிமலைக் குழம்பு. குழம்பிலிருந்த வாயு வெளியேறும்போது, ஆப்பத்தில் கண் விழுவதுபோல் பாறையில் பொந்துகள் விழுந்தன. பிற்காலத்தில் சூடான நீர் பாறையைக் கரைத்துக்கொண்டு கசிந்து வந்து, அந்தப் பொந்துகளில் படிகங்களை வளர்த்தது. பொந்து கடுகளவும் இருக்கும். சில இடங்களில் ஆள் குனிந்து நுழையலாம்.

போர்காட் ரயில் பாதை 1856-ல் தொடங்கி 1863-ல் முடிந்தது. மலையைக் குடைந்தபோது கிடைத்த படிகங்கள் அக்காலத்திலேயே கடல் கடந்தன. இன்று நாசிக், ஜல்காவ், புனே வட்டாரக் கல் குவாரிகளிலும் கிணறு வெட்டும் இடங்களிலும் கிடைக்கின்றன. நாசிக் அருகே சின்னரில் உள்ள கார்கோட்டி அருங்காட்சியகத்தில் இவற்றைக் காணலாம். ஷிர்டி போகிறவர்கள் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு வரலாம்.

ஜியோலைட் என்ற பெயரை 1756-ல் வைத்தவர் ஸ்வீடன் நாட்டு கனிமவியலாளர் க்ரான்ஸ்டெட். ஒரு கல்லை ஊதுகுழல் தீயில் காட்டினார். அது நுரைத்துக் கொதித்தது. கிரேக்க மொழியில் 'கொதிக்கும் கல்' என்று பொருள்படப் பெயரிட்டார். ஸ்டில்பைட் என்ற வகையை எடுத்துக்கொண்டால், 100 கிராம் கல்லில் 17, 18 கிராம் தண்ணீர்தான்! அலுமினியம், சிலிக்கன், ஆக்ஸிஜன் சேர்ந்து கட்டிய கூட்டில் நுண்ணிய வழிகள் இருக்கின்றன. தண்ணீர் அங்கே குடியிருக்கிறது. மிதமாகச் சூடாக்கினால் வெளியேறும். ஆறவிட்டால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சித் திரும்பவும் நிரம்பும். அதிகம் சுட்டால் கூடே சிதைந்துவிடும்.

அதே வழிகளில் சோடியம், கால்சியம் அயனிகளும் உட்கார்ந்திருக்கின்றன. அவை இடம் மாறக்கூடியவை. நீராவி பாய்லருக்குக் கடின நீரை ஊற்றினால் குழாய்களில் உப்புக்கட்டி படிந்து, கரி வீணாகும். அந்த நீரை ஜியோலைட் தொட்டி வழியாக விட்டால், கல் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடும். கல் களைத்துவிட்டால் சாதாரண உப்புக் கரைசலில் கழுவினால் போதும், மீண்டும் வேலைக்கு வந்துவிடும். எவ்வளவு மலிவான வைத்தியம்! பின்னாளில் செயற்கைப் பிசின் மணிகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. ஆனால் இன்றும் பல சலவைத் தூள்களில் ஆலையில் செய்த ஜியோலைட் இருக்கிறது. 1986-ல் செர்னோபில் விபத்துக்குப் பிறகு கதிரியக்க சீசியத்தைப் பிடிக்க இயற்கை ஜியோலைட்டைத்தான் கொட்டினார்கள்.

இவ்வளவு கெட்டிக்காரக் கல், தண்டவாளத்துக்கு மட்டும் ஆகாது. ஸ்டில்பைட்டின் கடினம் 3.5 முதல் 4 வரைதான், குவார்ட்ஸுக்கு 7. வெள்ளைப் பொட்டு நிறைந்த ஜல்லி, ரயிலின் பாரத்தில் நொறுங்கிப் பொடியாகி வடிகாலை அடைக்கும். அப்படிப்பட்ட லோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். வீடு கட்டுகிறவர்களும் ஜல்லியை ஒரு கை அள்ளிப் பார்ப்பது நல்லது.

லோனாவாலா பக்கம் சாலையோரக் கடைகளில் பீச் பழ நிறத்தில், கதிர்க்கட்டு போல விரிந்து நிற்பது ஸ்டில்பைட். கூடவே கண்ணாடி போல் மின்னுவது அபோஃபிலைட். பொந்தில் ஜோடியாக வளர்ந்தாலும் அது ஜியோலைட் குடும்பம் அல்ல. வாங்கி வந்தால் கழிவறை ஆசிட்டில் கழுவாதீர்கள், படிகம் அரித்துப்போகும். மெல்லிய பிரஷ்ஷும் தண்ணீரும் போதும்.

ஜியோலைட் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் உடல் சுத்தமாகும் என்று விற்கிறார்கள். தொட்டியில் கால்சியத்தைப் பிடிக்கும் கல், வயிற்றில் நமக்கு வேண்டாததை மட்டும் பொறுக்கி எடுக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. தவிர, எரியோனைட் என்ற நார் வடிவ ஜியோலைட்டின் தூசியைச் சுவாசித்தே துருக்கியின் கப்படோக்கியா பகுதியில் சில கிராமங்களில் பலர் நுரையீரல் உறைப் புற்றுநோய்க்குப் பலியானார்கள். அலமாரியில் இருக்கும் ஸ்டில்பைட்டால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் எந்தக் கல்லையும் வீட்டில் இடித்துப் பொடியாக்க வேண்டாம்.