மஸ்டாங்கின் தோசைக்கல்

சிகாகோவில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “2018 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி வைத்திருக்கிறேன். இந்தக் கோடையில் ரோடு அமெரிக்கா பந்தயத் தடத்தில் ஓட்டப் போகிறேன். 20 அங்குல வீலும் பெரிய பிரேக் கிட்டும் போடச் சொல்கிறார்கள். போட்டால் வண்டி சீக்கிரம் நிற்குமா?”

நிற்காது. பிரேக்கை ஓங்கி மிதித்தால் உங்கள் காலுக்கடியில் ஏபிஎஸ் துடிக்கிறதா? துடித்தால், கம்பெனி கொடுத்த பிரேக்கே டயரின் பிடிமானத்தை மிஞ்சிய பலத்தோடு இருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் பிரேக்கின் நான்கு பிஸ்டனை ஆறாக்கினாலும் வண்டி நிற்கும் தூரம் குறையாது. அதைத் தீர்மானிப்பது டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வு. ஆனால் முதல் சுற்றில் பிடித்த மாதிரியே பத்தாவது சுற்றிலும் பிரேக் பிடிக்குமா என்பது வேறு கேள்வி. பெரிய பிரேக்கின் நியாயம் அங்கேதான் இருக்கிறது, விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை.

ரோடு அமெரிக்கா, விஸ்கான்சின் மாநிலத்தின் எல்க்ஹார்ட் லேக் பக்கம் 1955இல் திறக்கப்பட்டது. சுற்றளவு சுமார் 6.5 கிலோமீட்டர், 14 திருப்பங்கள், நடுவே நீண்ட நேர்ப்பாதைகள். அப்படியொரு நேர்ப்பாதையின் முடிவில் மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் வரும் 1,700 கிலோ வண்டியை 80க்கு இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 22 லட்சம் ஜூல் ஆற்றலைத் தொலைத்தாக வேண்டும். அதற்குக் கிடைப்பது சுமார் நான்கு வினாடி. அதாவது 550 கிலோவாட். உங்கள் காரின் 460 குதிரைத்திறன் எஞ்சின் முழு மூச்சில் தருவதே 343 கிலோவாட்தான். காற்றின் எதிர்ப்பு கொஞ்சம் வாங்கிக்கொண்டாலும், அந்தக் காரில் இருக்கும் மிகச் சக்திவாய்ந்த இயந்திரம் பிரேக்தான்.

அந்த ஆற்றலில் சுமார் 70 சதவீதம் முன்சக்கரங்களுக்குப் போகிறது. ஒரு முன்சக்கரத்தின் பிரேக் டிஸ்க் 11 கிலோ என்று கொண்டால், அந்த ஒரே பிடியில் அதன் வெப்பம் கிட்டத்தட்ட 140 டிகிரி செல்சியஸ் ஏறும். அடுத்த திருப்பத்துக்குள் ஆறுவது ஆறட்டும், மிச்சத்தின் மேல் அடுத்த 140 ஏறுகிறது.

டிஸ்க் எதனால் ஆனது? வார்ப்பிரும்பு. நம் வீட்டு அடுப்பிலிருக்கும் பழைய தோசைக்கல்லும் அதேதான். கனமான கல்லில் மாவை ஊற்றினால் சூடு சட்டென்று இறங்குவதில்லை, மெல்லிய கல்லில் உடனே இறங்கிவிடும். டிஸ்க்கில் அதே குணம் தலைகீழாக வேலை செய்கிறது. கனமான டிஸ்க் எளிதில் சூடாவதில்லை. எடையைக் கால் பங்கு கூட்டினால், ஒவ்வொரு பிடியிலும் ஏறும் சூடு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் பல சுற்றுகளுக்குப் பிறகு டிஸ்க் எந்தச் சூட்டில் நிலைகொள்ளும் என்பதைக் கனம் தீர்மானிப்பதில்லை. கல்லுக்கு அடியில் தீ எவ்வளவு, மேலே காற்று எவ்வளவு என்ற கணக்கு அது.

அந்தக் காற்றுக்கான ஏற்பாடு மிக நேர்த்தியானது. டிஸ்க்கை விளிம்பில் குனிந்து பாருங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, வரிசையாகத் தடுப்புகள் வைத்து வார்த்திருப்பார்கள். டிஸ்க் சுழலும்போது அந்தத் தடுப்புகள் காற்றை மையத்தில் உறிஞ்சி விளிம்பு வழியே வெளியே வீசுகின்றன. எந்த மோட்டாரும் இல்லாமல் சக்கரத்துக்குள்ளேயே ஒரு பம்பு ஓடுகிறது! அதனால்தான் முன்பம்பரிலிருந்து குழாய் வைத்துக் காற்று கொண்டுவருபவர்கள் அதை டிஸ்க்கின் முகத்தில் அடிக்காமல் மையத்தில் விட வேண்டும். தடுப்புகள் வளைந்திருந்தால், உள்ளிருந்து வெளியே போகப்போக அவை சுழற்சிக்கு எதிர்த்திசையில் சாய்ந்திருக்க வேண்டும். இடதையும் வலதையும் மாற்றிப் பூட்டிவிட்டால் பம்பு சரியாக இறைக்காது. பார்வைக்கு அழகாகத் துளை போட்ட டிஸ்க்குகளைத் தடத்துக்கு வாங்காதீர்கள். சூடேறி ஆறி, மறுபடி சூடேறி ஆறும்போது விரிசல் முதலில் கிளம்புவது அந்தத் துளைகளிலிருந்துதான்.

தோசைக்கல்லை வாங்கியவுடன் யாரும் தோசை வார்ப்பதில்லை, எண்ணெய் தடவிப் பழக்குகிறோம். புது டிஸ்க்கையும் பழக்க வேண்டும். படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டிப் பல முறை பிரேக் பிடித்துச் சூடேற்றினால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடிலிருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கின் மேல் சீராகப் படிகிறது. அதன்பிறகு பேட் பெரும்பாலும் இரும்பின் மேல் உரசுவதில்லை, தன் படலத்தின் மேலேயே உரசுகிறது. நல்ல பிடிப்பு அங்கிருந்து வருகிறது. கொதிக்கும் டிஸ்க்கோடு பிட்டுக்கு வந்து காலைப் பிரேக்கிலேயே வைத்து நின்றால், பேட் ஓர் இடத்தில் ஒட்டி அச்சுப் பதித்துவிடும். கல்லில் தோசை பிடித்துக்கொள்கிற அதே தொல்லை! திட்டுப்பட்ட அந்த இடம் மற்ற இடங்களைவிட அதிகம் உரசி அதிகம் சூடாகும். சூடு மிஞ்சினால் அங்கே இரும்பும் கரியும் சேர்ந்து சிமென்டைட் என்ற கடினப் பொருளாகிவிடும், தேய்த்தாலும் எளிதில் போகாது. ஸ்டியரிங் நடுங்கும். “டிஸ்க் வளைந்துவிட்டது” என்று மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் இந்தத் திட்டைத்தான்.

கல்லில் தெளித்த தண்ணீர் ‘சுர்’ என்று ஆவியாவது போன்றதே தடத்தில் நடக்கும் மோசமான விபத்தும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ரக ஆயிலுக்கு வகுத்த தரப்படி, புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, 3.7 சதவீதம் நீர் ஏறிய பின் 155 டிகிரி இருந்தாலே தேர்ச்சி. பேடை அழுத்தும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியானால், மிதிப்பதெல்லாம் ஆவியை நசுக்குவதில் போய்விடும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. பெரிய டிஸ்க் வாங்கினாலும் பழைய ஆயிலோடு போனால் இந்த ஆபத்து அப்படியே இருக்கும்.

வரலாற்றையும் ஒரு வாய் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்துப் பொறியாளர் லாஞ்செஸ்டர் 1902இலேயே காப்புரிமை பெற்றார். 1953இல் ஜாகுவார் அதை வைத்து லே மான் பந்தயத்தை வென்றது. அப்படியும் 1964இல் பாண்டியாக் ஜிடிஓவும் மஸ்டாங்கும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கோடுதான் வந்தன. நேராகப் பறப்பதே அன்றைய மசில் காருக்குப் பெருமை.

வீலுக்கு வருவோம். டயரோடு சேர்ந்த மொத்த விட்டம் சுமார் 685 மி.மீ.யில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கியர் கணக்கும் ஸ்பீடோமீட்டரும் கெடும். ஆகவே ரிம்மைப் பெரிதாக்கினால் டயரின் பக்கச்சுவர் குறுகும், உலோகம் மையத்தைவிட்டு விலகிப் போகும். ரிம்மின் விளிம்பில் கூட்டும் ஒரு கிலோ, வேகம் எடுக்கையில் ஏறக்குறைய ஒன்றரை கிலோவாகக் கனக்கும். என் தீர்ப்பு இதுதான்: பிரேக்கை மூடும் மிகச் சிறிய ரிம்மை எடுங்கள், அகலத்தில் மட்டும் தாராளம் காட்டுங்கள்.

உங்கள் காரின் சாதாரண ஜிடி டிஸ்க் 352 மி.மீ. பர்பாமன்ஸ் பேக்கேஜில் ஃபோர்டே கொடுத்த பிரெம்போ டிஸ்க் 380. 18 அங்குல ரிம் என்றால் 457 மி.மீ. அதில் 380ஐக் கழித்தால் ஒரு பக்கத்துக்கு 38 மி.மீ.தான் மிச்சம். காலிப்பரின் முதுகும் ரிம்மின் தடிமனும் அதற்குள் அடங்க வேண்டும். பிரேக் கம்பெனிகள் காலிப்பரின் வடிவத்தைத் தாளில் அச்சிட்டுத் தருகின்றன. அட்டையில் ஒட்டி வெட்டி ரிம்முக்குள் சுழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், ஸ்போக்கில் இடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ரிம்மும் பிரேக்கும் ஒரே கணக்கு என்பதற்கு மஸ்டாங் குடும்பத்தின் ஷெல்பி ஜிடி350ஆர் சாட்சி. அதில் ஒரு வீல் அலுமினியமாக இருந்தால் சுமார் 15 கிலோ. கார்பன் இழையில் செய்து 8 கிலோ ஆக்கினார்கள். ஆனால் தடச் சோதனையில் டிஸ்க் 900 டிகிரியைத் தாண்ட, அந்த வீலின் உட்புறத்துக்குச் செராமிக் பூச்சு கொடுக்க வேண்டியதாயிற்று.

நீங்கள் செய்ய வேண்டியது: 352 டிஸ்க்கையே வைத்துக்கொண்டு, நான்கு பக்கமும் ஒரே அளவில் 18 அங்குலம், 10 அங்குல அகல ரிம். டயரை முன்பின் மாற்றிப் போடலாம், செலவும் குறையும். பிறகு தடத்துக்கான பேட், காற்றுக்குழாய். அப்படியும் பெடல் தளர்ந்தால் மட்டும் 380க்குப் போங்கள், அப்போது 19 அங்குலம். அந்தக் கிட்டும் ஃபோர்டின் ஏபிஎஸ்ஸோடு ஒத்துப்போவதாக இருக்கட்டும். முன்பக்கம் மட்டும் பலத்தைக் கூட்டினால் பின்பக்க டயர்கள் தம் பங்கைச் செய்யாமல், நிற்கும் தூரம் நீளவும் கூடும். எல்லாவற்றுக்கும் முன்னால், பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று பாருங்கள். தேதி நினைவில்லை என்றால் புது ஆயில் ஊற்றிய பிறகே எல்க்ஹார்ட் லேக்குக்குக் கிளம்புங்கள்.