குப்பைப் புகையின் விஷத்தை முறிக்கும் ‘தேன்கூடு’! வடசென்னை கேட்க வேண்டிய கேள்வி

துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிய காலத்தில், ராயபுரத்து மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும்.

2011-ல் கோர்ட்டு உத்தரவால் நிலக்கரி எண்ணூருக்குப் போனது. கரித்தூள் ராயபுரத்தை விட்டது, எண்ணூரைப் பிடித்தது!

கரித்தூளாவது கண்ணுக்குத் தெரியும். குப்பையை எரித்தால் வரும் விஷம் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் எட்டாது.

கொடுங்கையூர் கிடங்கில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்க மாநகராட்சி திட்டமிட்டபோது, 2025 மே 25-ல் வடசென்னை மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அவர்களுடைய பயம் வெறும் பயமா?

யார் இந்த டயாக்சின்?

பி.வி.சி. பைப், ரெக்சின், உப்புக் கலந்த சாப்பாட்டு மிச்சம் எல்லாவற்றிலும் குளோரின் இருக்கிறது. இவை எரியும்போது ‘டயாக்சின்’ என்ற விஷம் பிறக்கிறது. 850 டிகிரிக்கு மேல் 2 விநாடி வைத்தால் அது செத்துப் போகும்.

ஆனால் புகை ஆறும்போது, 450 டிகிரிக்கும் 200 டிகிரிக்கும் நடுவில், சாம்பல் தூசியின் மேல் மறுபடி உயிர் பெறுகிறது!

1976-ல் இத்தாலியின் செவேசோ ஊரில் ஒரு ரசாயன ஆலையிலிருந்து பரவியது இந்த விஷம்தான். இது உடம்பின் கொழுப்பில் தங்கிவிடும். பால், முட்டை, மீன் வழியாக நம் தட்டுக்கு வரும். இதில் மிகக் கொடிய வகை புற்றுநோயைத் தரும் என்று 1997-லேயே சர்வதேச ஆய்வுக் கழகம் அறிவித்துவிட்டது.

கல்யாணத் தரகர்!

இதற்கு மருந்து உண்டு. அதுதான் வினையூக்கி. டைட்டானியம் ஆக்சைடில் வனேடியம், டங்ஸ்டன் சேர்த்து, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகச் செய்த கட்டி.

இது கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்கும்; தான் மாறாது. சுமார் 200 முதல் 300 டிகிரி சூட்டில் புகை இதன் வழியாகப் போனால், நைட்ரஜன் ஆக்சைடு அம்மோனியாவோடு சேர்ந்து வெறும் நைட்ரஜனும் தண்ணீருமாகிவிடும். டயாக்சினும் உடைந்து போகும்.

கரிப்பொடி தூவிப் பிடிக்கும் முறையும் உண்டு. ஆனால் அதில் டயாக்சின் அழிவதில்லை. புகையிலிருந்து சாம்பலுக்கு வீடு மாறுகிறது, அவ்வளவுதான்!

சிக்கல் எங்கே?

தேன்கூட்டுக்கும் நோவு வரும். கந்தகம், ஆர்சனிக், தூசி பட்டால் அதன் சக்தி குறையும். சூடு இறங்கினால் பிசுக்குப் பிடித்து அடைக்கும். சில வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆகணும். எல்லாமே செலவு!

தவிர, பாதரசத்தை இது பிடிக்காது. அம்மோனியா அளவு தப்பினால் அதுவும் புகைபோக்கி வழியாக வெளியே வரும். அம்மோனியா என்றால் என்ன என்று எண்ணூர் பெரியகுப்பத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா அவர்களை மூச்சுத் திணற வீட்டை விட்டு ஓட வைத்தது.

சட்டம் என்ன சொன்னது?

2016-ம் வருஷத்து திடக்கழிவு விதிகள் ஒரு கன மீட்டர் புகைக்கு டயாக்சின் 0.1 நானோகிராம் என்று வரம்பு கட்டின. ஒரு கிராமை ஆயிரம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! இதை அளக்க 6 முதல் 8 மணி நேரம் புகையைச் சேகரித்து லேபுக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனை இல்லாத நாளில் என்ன வந்தது என்று யாருக்குத் தெரியும்?

நைட்ரஜன் ஆக்சைடுக்கு அந்த விதிகள் வைத்த வரம்பு 400 மில்லிகிராம். தேன்கூடே இல்லாமல், அடுப்புக்குள் அம்மோனியா தெளித்தே அந்த அளவை எட்டிவிடலாம். விதி அளவைச் சொன்னது. தேன்கூடு வைத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை.

ஆகவே எந்த ஊரில் குப்பை எரிக்கும் ஆலை வந்தாலும் மக்கள் கேட்க வேண்டியது மூன்று: தேன்கூடு இருக்கா? கடைசியா எப்போ மாத்தினாங்க? டயாக்சின் கணக்கு எவ்வளவு?

பதிலை ஆலை வாசலில் போர்டில் எழுதி வைக்கச் சொல்லலாமே, ரேஷன் கடையில் ஸ்டாக் எழுதுகிற மாதிரி!