முகூர்த்தம் பார்த்து மூக்கைத் திருத்த முடியாது

அழகுக்கான அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்கு வருடம் முழுக்க ஒரே சீராக ஆள் வருவதில்லை. முகூர்த்தங்கள் நெருங்கும்போதும் விடுமுறையிலும் கூட்டம் சேரும், மற்ற மாதங்களில் அறைகள் காலியாகக் கிடக்கும். கட்டட வாடகையும் லேசர் இயந்திரத்தின் மாதத் தவணையும் நர்சுகளின் சம்பளமும் கூட்டத்தைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. குடல்வால் வீங்கினால் நோயாளி தானாக ஓடி வருவார். மூக்கைத் திருத்திக்கொள்ள அப்படி ஓடி வரவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆகவே காலியான நாளை நிரப்புவதும் நிரம்பி வழியும் நாளைச் சமாளிப்பதும் நிர்வாகத்துக்குத் தீராத தலைவலி. அது அந்தத் தொழிலின் இயல்பு, அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. அந்தச் சுமையை நோயாளி யோசித்து முடிவெடுக்க வேண்டிய நேரத்தின் மீது இறக்கி வைப்பதுதான் தவறு. அந்த நேரத்துக்கு இந்தியாவில் சட்டப் பாதுகாப்பு வேண்டும். அது வரும்வரை நோயாளிதான் அதை விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டும்.

கூட்டம் குறைந்த மாதத்தில் இந்தச் சுமை தள்ளுபடியாக வரும். ஆலோசனை இலவசம் என்று அழைப்பார்கள். எதிரே உட்கார்ந்து பேசுபவர் பெரும்பாலும் மருத்துவர் அல்ல, ‘கவுன்சலர்’. இன்றே அட்வான்ஸ் கட்டினால்தான் இந்த விலை என்பார். கன்னத்தைப் பற்றிக் கேட்கப் போனவரிடம் தாடையையும் சேர்த்து ஒரு பேக்கேஜ் பேசுவார். பணம் இல்லையென்றால் அங்கேயே ஃபோனில் கடன் போட்டுத் தருவார்கள். சிகிச்சை வேண்டாம் என்று வீட்டுக்குப் போன பிறகு தெரியவரும், தவணை கடன் நிறுவனத்துக்கும் நமக்கும் இடையிலானது என்பது. டிஜிட்டல் கடனில் குறைந்தது 1 நாளாவது அபராதமின்றி விலக ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது. அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் சிக்கல். நோயாளிகளை நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆள் பிடிப்பது நெறியல்ல என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. விதி காகிதத்தில் இருக்கிறது, விளம்பரம் ஃபோன் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கூட்டம் பெருகும் மாதத்தில் ஆபத்து வேறு வகை. முடி நடும் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். 2,000 கிராஃப்ட், அதாவது முடிவேர்த் துணுக்குகளை, எடுத்து நடுவது ஒரு பகல் முழுக்க இழுக்கும் வேலை. ஒரே நாளில் மூன்று பேருக்குத் தேதி கொடுத்துவிட்டால், மருத்துவர் நெற்றியில் கோடு வரைந்து மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போவார். மிச்சம் டெக்னீஷியன் கையில். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் மருந்துக்கு, அட்ரினலின் கலந்திருந்தால்கூட, கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பதே வழக்கமான உச்ச அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 2 சதவீத மருந்தில் இது வெறும் 21 மில்லி. நேரம் நீளும்போது ஊசி திரும்பத் திரும்பப் போடப்படும். எத்தனை மில்லி ஏறியது என்று கணக்கு வைத்திருப்பவர் அந்த அறையில் இருக்கிறாரா என்பதில்தான் உயிர் இருக்கிறது. 2016இல் சென்னையில் முடி நடப் போன மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் விதிமுறை வெளியிட்டது. இந்தச் சிகிச்சையை உரிய பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜனோ தோல் மருத்துவரோதான் செய்ய வேண்டும், பயிலரங்கிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது போதாது என்று அதில் சொல்ல வேண்டியிருந்தது.

இவ்வளவு அவசரமும் உடலின் கணக்குக்கு எதிரானது என்பதை யாரும் விளக்குவதில்லை. நட்ட முடி சில வாரங்களில் உதிரும். திரும்ப முளைத்து முழுப் பலன் தெரிய 9 முதல் 12 மாதம் ஆகும். மூக்கு அறுவைக்குப் பின் வீக்கம் முழுவதும் வடிந்து இறுதி வடிவம் வர ஏறக்குறைய ஒரு வருடம். அடுத்த மாதக் கல்யாணத்துக்காக இந்த மாதம் கத்தி வைப்பதில் மருத்துவப் பொருள் எதுவுமில்லை. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால் முகூர்த்தக் கூட்டம் தானாகக் கலைந்து மற்ற மாதங்களுக்குப் பரவும். மருத்துவமனையின் ஏற்ற இறக்கத்துக்கு நேர்மையான மருந்தும் அதுதான்.

பிரான்சில் விரிவான செலவு மதிப்பீட்டை எழுத்தில் கொடுத்த பின் 15 நாள் கழிந்தால்தான் அறுவை. அதுவரை ஆலோசனைக் கட்டணம் தவிர எதுவும் வாங்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், இரண்டு ஆலோசனைகள் முடிந்து ஒப்புதல் தந்து குறைந்தது 7 நாள் ஆன பிறகே தேதி குறிக்கவும் முன்பணம் வாங்கவும் முடியும். இங்கே இப்படி வைத்தால் வயது வந்தவரின் உரிமையில் தலையிடுவதாகாதா என்று கேட்கலாம். பதினைந்து நாள் கழித்தும் வேண்டும் என்பவரை யாரும் தடுக்கப்போவதில்லை. தள்ளுபடி நின்றால் வசதி குறைந்தவர்கள் என்ன செய்வார்கள் என்பது இரண்டாவது கேள்வி. விலையைக் குறைக்கட்டும், இன்று மாலைக்குள் என்ற கெடுவை மட்டும் எடுத்துவிடட்டும். ஆடித் தள்ளுபடியில் அவசரப்பட்டு எடுத்த சேலை பிடிக்காவிட்டால் பீரோவில் கிடக்கும். வெட்டிய மூக்கை அப்படி ஒதுக்கி வைக்க முடியாது. முன்பணம் வாங்காவிட்டால் சொன்ன நாளில் வராமல் போய்விடுகிறார்கள் என்று மருத்துவமனைகள் சொல்வதில் மட்டும் நியாயம் இருக்கிறது. யோசிக்கும் காலம் முடிந்த பின், திருப்பித் தரும் நிபந்தனைகளை எழுதிக் கொடுத்து, அளவான தொகையை வாங்கலாம்.

இப்போதைக்கு நம் கையில் இருக்கும் சட்டம் சிறியதல்ல. கத்தி வைப்பவரின் பெயரும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதலை வைத்து, உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, இன்னொன்றைச் செய்ய முடியாது என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்திருக்கிறது. ரொக்கமாகத் தந்தால் குறைத்துக்கொள்கிறோம் என்றாலும் பில் வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மருத்துவர் மீதான புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும், இடத்தின் உரிமம் பற்றியது மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கும் போக வேண்டும். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. வழி தெரியாவிட்டால் 1915 என்ற உதவி எண் இருக்கிறது. வழக்குக்கான காலவரம்பு 2 வருடம். தாமதத்தைத் தக்க காரணம் காட்டினால்தான் மன்னிப்பார்கள். குறை சொல்லப் போனால், பலன் தெரிய ஒரு வருடம் ஆகும், பொறுங்கள் என்பார்கள். அது மருத்துவப்படி உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் உங்கள் குறையை அன்றைக்கே தேதியோடு எழுத்தில் கொடுத்து, அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தப் பொறுமையிலேயே வழக்குக்கான காலத்தில் பாதி போய்விடும்.