பூநாரைகளைத் தேடி மன்னாருக்கு

தொழிலும் குடும்பக் கவலைகளும் நாள்தோறும் நெருக்கும் வாழ்க்கையில், நண்பருடன் இரண்டு நாளேனும் வெளியூர் சென்று தங்கிவருதல் உள்ளத்திற்கு நல்ல மருந்தாகும். தை மாதத்து வார விடுமுறையொன்றில் நாங்கள் நால்வர் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் மன்னாருக்குப் புறப்பட்டோம்.

பொழுது புலரும் வேளையில், பெருநிலத்தையும் மன்னார்த் தீவையும் இணைக்கும் பாலத்தை அடைந்தோம். இருமருங்கும் ஆழமற்ற கடல்நீர். தொலைவில் இளஞ்சிவப்பாய் ஒரு நீண்ட கோடு. அக்கோடு அசைந்தபோதுதான் அவை பூநாரைகள் என அறிந்தோம்.

பகலில் நகரைச் சுற்றினோம். போர்த்துக்கேயர் 1560இல் கட்டிய கோட்டையைக் கண்டோம். பள்ளிமுனையிலே, ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்க மரத்தின் அடியைக் கைகோத்து அணைக்க முயன்றோம். நால்வர் கைகளும் போதவில்லை. தெருவெங்கும் கழுதைகள் உரிமையோடு உலாவின.

மறுநாட் காலை வங்காலைப் பகுதிக்குச் சென்றோம். 2008இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பெற்ற இப்பகுதி, 2010இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. பூநாரைகள் கால்களாற் சேற்றைக் கலக்கி, தலையைக் கவிழ்த்து, அலகினால் நீரை வடித்து இரையுண்டன. அவ்விரையிலுள்ள நிறப்பொருளே அவற்றின் சிறகுக்குச் செந்நிறம் தருகிறது.

எங்களுள் ஒருவருக்குப் புகைப்படத்தில் மோகம் அதிகம். பறவைகள் கூட்டமாய் எழும் காட்சி வேண்டுமென்று அவர் சேற்றில் இறங்கிக் கைதட்டி ஓடினார். பறவைகள் அஞ்சி, நீர்மேல் நெடுந்தூரம் ஓடி எழுந்தன. வானம் சிவந்தது, நாங்களும் அறியாமையால் ஆரவாரித்தோம்.

அப்பொழுது வீச்சுவலையைத் தோளிலிட்டு வந்த முதியவர் ஒருவர் நின்றார்.

“தம்பிமாரே, அதுகள் சாப்பிடுகிற நேரம் இது. உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியை இலையில் இருந்து எழுப்பி விரட்டுவீர்களோ?”

“தெரியாமற் செய்துவிட்டோம், ஐயா” என்றார் நண்பர், தலைகுனிந்து.

“பங்குனி, சித்திரையிலே அதுகள் திரும்பிப் போகவேணும். உடம்பிலே பலமில்லாமல் கடல் தாண்டுமோ? பேசாமல் இருங்கள், தானாக வரும்.”

அவர் சொன்னது உண்மையே. கனத்த உடலை நீரிலிருந்து எழுப்பப் பூநாரை பெரும்பலத்தைச் செலவிட வேண்டும். ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் உண்ணும் பொழுது குறைகிறது. நெடும்பயணத்திற்குச் சேமித்த வலுவும் கரைகிறது. நமக்கு ஒரு நொடி வேடிக்கை. அதற்கோ உயிர்ப் பிரச்சினை.

கரையோரத்தில் ஓசையின்றி அமர்ந்தோம். ஒரு மணி நேரத்தின்பின் பறவைகள் ஒவ்வொன்றாய்த் திரும்பின. நாங்கள் துரத்திச் சென்றபோது காணாத அண்மையில் அவை மேய்ந்தன. சாம்பல் நிறம் மாறாத இளம் பறவைகளையும் கண்டோம். கமெரா நண்பரின் மடியிலேயே கிடந்தது.

கார்த்திகை முதல் பங்குனி வரை மன்னாருக்குச் செல்லக் கருதும் அன்பர்கள், தொலைநோக்கியொன்றையும் சிறிது பொறுமையையும் உடன்கொண்டு செல்வார்களாக. பறவைகளுக்கு அது விருந்துண்ணும் இல்லம். அங்கே நாமும் விருந்தினரே.